மீதி இரண்டரை

வெருலத்தில் கரண்ட் திரும்பியதும்
முதலில் குரைத்தது அடுத்த வீட்டு நாய்,
கேட் மோட்டார் உறுமியதற்காக.
அப்புறம் ஃபிரிட்ஜ். அப்புறம் தெருவிளக்கு, ஒன்று விட்டு ஒன்று.
கடைசியாக அலமாரி மேல்தட்டில்,
மடித்த துண்டுகளுக்குப் பின்னால்,
கூரை ஆண்டெனாவோடு நான் கட்டிப்போட்டிருக்கும்
சீட்டுக்கட்டு அளவுக் கணினி.

திரையில் விமானங்கள் வந்துவிட்டன.
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இறங்குவது ஒன்று,
கடல் மேல் வட்டமிட்டு முறைக்குக் காத்திருப்பது ஒன்று.
மூலையில் மணி மட்டும் 15:10.
என் கையில் ஏழு நாற்பது.

நாலரை மணி நேரம் பின்னால்.
அதில் இரண்டு கிரீன்விச்சின் பங்கு,
வானத்தில் எல்லோரும் அந்த மணியில்தான் பறக்கிறார்கள்.
மீதி இரண்டரை
நான்காம் கட்ட மின்வெட்டின் பங்கு.

அதற்குள் பேட்டரி கிடையாது.
கடைசியாகப் பார்த்த மணியை
ஒரு கோப்பில் எழுதிவிட்டு அணைந்துபோகும்,
எழுந்ததும் அதையே படித்து
விட்ட வாக்கியத்தை முடிக்க வரும்.
கேஸ் அடுப்பில் நாங்கள் சூடாக்கிய பீன்ஸ் கறி,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
லோகா எழுதி முடித்த கடைக் கணக்கு,
எதுவும் அதன் நாளில் நடக்கவே இல்லை.

சமையலறையில் மைக்ரோவேவ்
00:00 என்று சிமிட்டிக்கொண்டிருந்தது.
தெரியாது. தெரியாது. தெரியாது.
அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.
15:10 என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்பவனோடுதான்
இரவு பத்து வரை மல்லுக்கட்டு.

வெளியே போய் மணி கேட்டு வா என்றால்
கேள்வி போகிறது, பதில் வரவில்லை.
சர்வர் பெயர்களை மாற்றினேன்.
கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினேன்.
நாலு பேரைக் கேட்டதில்
நாலு பேரும் பூஜ்யம்.

போன வாரம் ஒரு பையன் வந்து
மாட்டிவிட்டுப் போன புது ரவுட்டர்
நூற்று இருபத்து மூன்றாம் வாசலைச் சாத்தி வைத்திருந்தது.
மணி கேட்பவர்களுக்கு
உலகம் முழுக்க அந்த ஒரு வாசல்தான்.
திறந்தேன்.
இரண்டரை மணி நேரத்தை ஒரே தாண்டாகத் தாண்டியது,
கால்கூடத் தடுக்காமல்.

இவ்வளவும் எதற்கென்று லோகா கேட்கிறாள்.
கரும்புக்கு மருந்தடிக்க வருமே, மஞ்சள் இறக்கை,
அதற்கு என்றேன்.
தன் உயரத்தைச் சொல்லும், இருக்கும் இடத்தைச் சொல்லாது.
அதன் ஒரு கூவலை
டொங்காட்டில் சாக்ரன் நாயக்கர் கூரையும்
பாலிட்டோவில் ஹென்னியின் கூரையும்
இனாண்டாவில் நொம்வூலா டீச்சர் கூரையும்
என் கூரையும் வெவ்வேறு கணத்தில் கேட்கின்றன.
அந்த வித்தியாசத்துக்குள் அது பறக்கிறது.
நொடியைப் பத்து லட்சமாக நறுக்கி
ஒரே ஒரு துண்டு தவறினாலும்
முந்நூறு மீட்டர் தள்ளி,
யாரோ ஒருவர் வீட்டுப் புகைபோக்கி மேல்.

நாங்கள் நால்வரும் சந்தித்ததில்லை.
ஹென்னிக்கு என் பெயர் வாயில் நுழையாது,
நாயக்கரோடு எனக்குப் பழைய கோயில் கமிட்டித் தகராறு.
இப்போது மணி என்ன என்பதில் மட்டும்
பேச்சு வார்த்தை இல்லாமல் ஒற்றுமை.

மறுநாள் ஒரு ரூபாய்க் காசு தடிமனில்
கடிகாரச் சில்லு வாங்கி அதன் முதுகில் பொருத்தினேன்.
பொத்தான் பேட்டரி கடையில் தீர்ந்திருந்தது.
குளியலறை எடை மெஷினைக் கவிழ்த்தேன்.

காலையில் லோகா ஏறி நின்றாள்.
இறங்கினாள். மறுபடி ஏறினாள்.
"ஒன்றுமே சொல்லவில்லை" என்றாள்,
நான் தலை நிமிரவில்லை.
"அப்படியே இருக்கட்டும்."

ஆறே காலுக்கு மஞ்சள் இறக்கை வந்தது.
வரைபடத்தில், ஓடைக்கு இந்தப் பக்கம், கரும்பின் மேல்.
ஜன்னலைத் திறந்தால் சத்தமும் அங்கேயே.

எட்டுக்கு மறுபடி இருட்டு.
துண்டுகளுக்குப் பின்னால்
எடை போட மறந்த பேட்டரி ஒன்று
யாருக்கும் தெரியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது,
எட்டு ஒன்று, எட்டு இரண்டு.
மைக்ரோவேவை நான் இன்னும் திருத்தவில்லை.